ஒரே தேதியில் பல தினங்கள்

தினசரிக் காலண்டரில் ஜனவரி 30ஆம் தேதித் தாளை எடுத்துப் பாருங்கள். ‘தியாகிகள் தினம்’ என்று போட்டிருக்கும். சில காலண்டர்களில் அதன் கீழே ‘தொழுநோய் ஒழிப்பு தினம்’ என்றும் இருக்கும். இத்துடன் முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் அன்றைய தினத்தைப் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் தினம்’ என்று கடைப்பிடிக்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பள்ளிகளுக்கோ அது ‘அகிம்சைக்கும் அமைதிக்குமான நாள்’. 2010ஆம் ஆண்டில் தைப்பூசமும் அதே தேதியில்தான் வந்தது.

ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க, இவை அனைத்தும் ஏன் ஒரே நாளில் வந்து கூடின? தற்செயலா, அல்லது யாராவது வேண்டுமென்றே இப்படி வைத்தார்களா? இரண்டும் உண்டு என்பதுதான் விடை. எது எப்படி என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் தற்செயலின் வலிமையைக் கணக்கிட்டுவிடுவோம். 365 பெட்டிகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் கண்ணை மூடிக்கொண்டு தினங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறோம். இரண்டாவது தினம் முதலாவதுடன் சேராமல் இருக்க 365இல் 364 வாய்ப்புகள் உள்ளன. மூன்றாவது தினம் முந்திய இரண்டுடனும் சேராமல் இருக்க 363 வாய்ப்புகள். இப்படி வரும் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போங்கள். 23ஆவது தினத்தைப் போடும்போது பெருக்கற்பலன் அரைக்குக் கீழே இறங்கிவிடும். அதாவது 23 தினங்கள் இருந்தாலே, எவையேனும் இரண்டு ஒரே பெட்டியில் விழும் வாய்ப்பு பாதிக்கு மேல்! 23 எங்கே, 365 எங்கே என்று தோன்றுகிறதல்லவா? 23 தினங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் கிடைக்கும். மோதுவதற்கு அத்தனை வழிகள் இருக்கின்றன. நம்பிக்கை வராவிட்டால் உங்கள் வகுப்பு நண்பர்களின் பிறந்த நாட்களைக் கேட்டு எழுதிப் பாருங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடிக்கும் சர்வதேச தினங்கள் மட்டுமே 200க்கும் மேல் உள்ளன. அவற்றுடன் ஒவ்வொரு நாட்டின் தினங்களையும், ஒவ்வொரு சமயத்தின் பண்டிகைகளையும் சேர்த்துக்கொண்டால், தனியாக நிற்கும் தேதியைத்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு தினங்கள் ஒன்றாக வருவதில் மட்டும் அதிசயம் ஏதும் இல்லை.

ஆனால் எல்லா தினங்களும் ஒரே விதமாக நாட்காட்டியில் உட்காருவதில்லை. தைப்பூசம் நிலவைப் பின்பற்றி வருவது. தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிப் பூச நட்சத்திரத்தில் அமைவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2010இல் ஜனவரி 30 பௌர்ணமி நாள். அன்று தைப்பூசமாகவும் இருந்தது. ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமிக்குச் சுமார் 29.53 நாட்கள். இத்தகைய 235 மாதங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ மிகச் சரியாக 19 ஆண்டுகள் ஆகின்றன. ஏதென்ஸ் நகரத்து மெட்டன் என்ற வானியலார் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டிய கணக்கு இது. 2010உடன் 19ஐக் கூட்டுங்கள். 2029 ஜனவரி 30 அன்றும் பௌர்ணமிதான். இது வானம் ஏற்படுத்தும் ஒற்றுமை. மனிதர் எவரும் திட்டமிட்டது அன்று.

மற்றொரு வகை, கிழமையைப் பிடித்துக்கொண்டு வரும் தினங்கள். ‘உலகத் தொழுநோய் தினம்’ இத்தகையது. பிரெஞ்சு எழுத்தாளர் ராவுல் ஃபொலெரோ 1954இல் இதைத் தொடங்கினார். ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இது வரும். இந்தியாவிலோ தொழுநோய் ஒழிப்பு தினம் ஜனவரி 30 என்றே நிலையாக உள்ளது. நம் தினமும் உலக தினமும் சேர வேண்டுமானால் ஜனவரி 30 ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். அப்படி வரும் ஆண்டுகளைப் பாருங்கள்: 2005, 2011, 2022, 2028, 2033. இடைவெளிகள் 6, 11, 6, 5.

ஏன் இந்த ஒழுங்கின்மை? 365ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் ஒரு தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை முன்னேறும். இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு கிழமை தாவும். 2016இல் ஜனவரி 30 சனிக்கிழமை. மறு ஆண்டு ஞாயிறாக இருந்திருக்க வேண்டியது, லீப் ஆண்டின் அந்த ஒரு நாளால் ஞாயிறைத் தாண்டித் திங்களில் போய் நின்றது. அதனால்தான் 2011க்குப் பிறகு 11 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இடைவெளிகள் நான்கையும் கூட்டினால் 28 வருகிறது. 28 ஆண்டுகளுக்கு ஒரு முறை இதே வரிசை திரும்ப வரும். (2100 லீப் ஆண்டு அன்று. அங்கே இந்தச் சக்கரம் தடம் மாறும்.)

இனி, மனிதர் தேர்ந்தெடுத்தவற்றுக்கு வருவோம். 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை, புது தில்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து சென்றுகொண்டிருந்த காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். தியாகிகள் தினம் அதன் நினைவாக வந்தது. 1964இல் ஸ்பெயின் நாட்டு ஆசிரியரும் கவிஞருமான யொரென்ஸ் விதால் பள்ளிகளுக்கான அமைதி நாளைத் தொடங்கியபோது, காந்தியடிகளை நினைத்தே இத்தேதியைக் கொண்டார். அந்நாளில் ஸ்பெயின் சர்வாதிகாரியின் ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பூமியின் தென்பாதியில் ஜனவரி மாதம் கோடை விடுமுறை. ஆதலால் அங்கே இந்த நாளை மார்ச் 30க்குத் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.

வெப்பமண்டல நோய்கள் தினத்தின் கதை வேறு. யானைக்கால் நோய், வெறிநாய்க்கடி நோய், பாம்புக்கடி, காலா அசார் முதலியவை ஏழை மக்களையே பெரிதும் தாக்குவதால் ஆராய்ச்சியும் பணமும் கிடைக்காமல் நின்றவை. இவற்றை எதிர்க்க 2012 ஜனவரி 30 அன்று லண்டனில் மருந்து நிறுவனங்களும் அரசுகளும் ஒரு பிரகடனம் செய்தன. அந்த நாளின் நினைவாகவே 2020 முதல் இந்தத் தினம் நடக்கிறது. இந்நோய்களின் பட்டியலில் தொழுநோயும் ஒன்று! ஆக, தொழுநோய் இரண்டு வேறு வழிகளில் ஒரே தேதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தொழுநோய்க்கும் காந்தியடிகளுக்கும் என்ன தொடர்பு? தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே, தம் வீட்டு வாசலுக்கு வந்த தொழுநோயாளி ஒருவரின் புண்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். பிற்காலத்தில் சேவாகிராம ஆசிரமத்துக்குப் பர்ச்சுரே சாஸ்திரி என்ற வடமொழிப் பண்டிதர் இந்நோயுடன் வந்து சேர்ந்தார். காந்தியடிகள் அவரை ஆசிரமத்திலேயே தங்கவைத்து, தம் கையாலேயே அவர் உடலைத் தேய்த்துவிட்டுப் பணிவிடை செய்தார். தொழுநோயாளியின் நிழலுக்கும் மக்கள் அஞ்சிய காலம் அது.

அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்பதை விஞ்ஞானம் சொல்லட்டும். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். பாவத்தின் பலன், பரம்பரைச் சாபம் என்ற பேச்சுக்கெல்லாம் அதுவே பதில். மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இக்கிருமி மிக மிகச் சோம்பேறி. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தக்க சூழ்நிலையில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். இதுவோ ஒரு முறை பிரியச் சுமார் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது! அதனால்தான் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகின்றன. பெரும்பாலானோரின் உடலில் இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. கை குலுக்குவதாலோ, அருகில் உட்கார்ந்து உண்பதாலோ இந்நோய் தொற்றுவதில்லை.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற எண்ணமும் தவறு. இதைத் தெளிவாக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் கைகளைச் சோதித்து, காரணத்தைத் தேடினார். கிருமி தாக்குவது நரம்புகளை. நரம்பு கெட்டால் உணர்ச்சி போகிறது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும், காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. தூக்கத்தில் எலி விரலைக் கடிப்பதைக்கூடச் சிலர் உணரவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம்! வலி என்பது நமக்கு எவ்வளவு பெரிய காவலாளி என்று அப்போதுதான் மருத்துவ உலகம் நன்கு உணர்ந்தது. பிராண்ட், நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உட்கொண்டால் நோய் குணமாகிவிடும். மருந்து இலவசம். அப்படியிருந்தும் 2022இல் உலகில் சுமார் 1,74,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். ஒளித்துவைப்பதும் காலம் கடத்துவதும் இதற்கு முக்கிய காரணங்கள். ஒளிக்கச் சட்டமும் காரணமாயிருந்தது. நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து பெறலாம் என்ற விதி 2019 வரை இருந்தது!

ஒரே நாளில் பல தினங்களைக் குவித்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும் என்பார்கள். பொதுவாக அது உண்மையே. ஆனால் ஜனவரி 30 விஷயத்தில் தொழுநோய்க்கு இலாபம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாடு முழுவதும் அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது. தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் அன்று எடுக்கப்படுகிறது. தொழுநோயாளிகளை ஒதுக்கமாட்டோம் என்ற உறுதிமொழிக்கு இதைவிடப் பொருத்தமான பக்கத்து இடம் கிடைக்குமா? 2017 முதல் மத்திய அரசு இதே நாளில் தொடங்கும் பிரசாரத்தின் பெயரும் ‘ஸ்பர்ஷ்’. தொடுதல் என்று பொருள்.

தோலில் வெளிறிய அல்லது செந்நிறத் தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் தெரியாமல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். எல்லாத் தேமலும் தொழுநோய் அன்று. உணர்ச்சி இருக்கிறதா என்பதை அங்கே எளிதில் சோதித்துவிடுவார்கள்.

2028இல் நம் தினமும் உலக தினமும் மீண்டும் ஒன்றாக வருகின்றன. அன்று ஞாயிறாதலால் பள்ளி இராது. உங்கள் பள்ளியில் உறுதிமொழியை வெள்ளியன்றே வைத்துக்கொள்வதா, திங்களுக்குத் தள்ளுவதா என்பதை முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.