நெடி அடித்தால் கிருமி செத்துவிட்டதா?

வெள்ளம் வடிந்த தெருவுக்கு முதலில் வந்து சேர்வது பிளீச்சிங் பவுடர்தான். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னைக்காரர்கள் பார்த்துப் பழகிய காட்சி அது: தெருவின் இரு ஓரமும் கோலப்பொடியில் கோடிழுத்ததுபோல் வெள்ளைப் பட்டை. வீட்டுக்குள்ளும் அதையேதான் செய்கிறோம். சேறு படிந்த தரையில் கைநிறைய அள்ளித் தூவுகிறோம். மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பியதும் கிருமி ஒழிந்தது என்று நிம்மதி அடைகிறோம். அந்த வெள்ளைப் படலத்தை ஒரு கரண்டியால் கீறிப் பார்த்தால் போதும். அடியில் சேறு கறுப்பாக, கொழகொழவென்று அப்படியே இருக்கும். நெடி என்பது குளோரின் காற்றில் கலந்து போவதன் அடையாளம்; சேற்றுக்குள் அது வேலை செய்ததற்கு அத்தாட்சி அல்ல.

குளோரினுக்குக் கிருமி வேறு, சாக்கடைக் கழிவு வேறு என்ற பேதம் கிடையாது. எதிர்ப்படும் எந்த அழுகல் பொருளோடும் வினைபுரிந்து தன்னைச் செலவழித்துக்கொள்ளும். வெள்ளச் சேறு முழுக்க அப்படிப்பட்ட பொருள்தான் என்பதால், மேல்தோலைத் தாண்டும் முன்பே அதன் சக்தி தீர்ந்துவிடுகிறது. ஈரத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்தச் சக்தியும் பாதி போயிருக்கும். மிச்சம் கிட்டத்தட்ட வெறும் சுண்ணாம்பு. ஆகவே வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மண்வெட்டியும் வைப்பரும். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்ப்பது, அலசுவது. குளோரின் வருவது கடைசியில்தான். 33 சதவீதக் குளோரின் உள்ள புதுத் தூள் 15 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மேலாக இறுத்தால் சுமார் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். கழுவிய தரையில் இது பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் பயனில்லை. எண்ணூர்ப் பகுதியில் 2023-இல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்ததே, அங்கே இந்தத் தூளால் எதுவும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புதான் பிரிக்கும்.

அப்படியென்றால் அத்தனை ஊர்களிலும் மூட்டை மூட்டையாகத் தூவுவது வீணா என்று கேட்கலாம். அளவறிந்து கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் போடும் குளோரின் உயிர் காக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. தெரு ஓரத்துச் சேற்றில் தூவுவது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான். ஆறுதலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அது கிடைத்தவுடன் கையிலிருந்த துடைப்பம் கீழே போய்விடுகிறதே! மஞ்சள் நீர், வேப்பிலை, சாம்பிராணிப் புகை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சாணம் தெளிப்பதை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. காலில் வெட்டுக்காயத்தோடு வேலை செய்கிற வீட்டில் அது டெட்டனஸ் கிருமியை வாசலுக்கே வரவழைப்பது. இன்னும் ஆபத்தானது, ஒன்று போதாதென்று இரண்டைக் கலப்பது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது; கதவடைத்த குளியலறையில் தரையோடு தங்கி, குனிந்து தேய்ப்பவரின் மூச்சைப் பிடிக்கும்.

கழுவியாகிவிட்டது என்று ஜன்னலைச் சாத்துவது அடுத்த தவறு. ஈரம் நின்றால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை தொடங்கிவிடும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் பெயின்டோடு உரிந்து வெளியே வரும். வடகிழக்குப் பருவமழையில் வெளியேயும் ஈரம்தானே என்பது நியாயமான கேள்வி. மழை விட்டிருக்கும் நேரமெல்லாம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைப்பதும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுவதும், ஃபேன் காற்றை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவதும் அந்த ஈரத்திலும் பலன் தரும். கொசுவுக்குப் பயந்தால் வலை கட்டலாம். ஆனால் ஃபேனுக்கு முன் ஒரு நிபந்தனை. தண்ணீர் வடிந்துவிட்டது, இனி ஷாக் அடிக்காது என்று நம்பக்கூடாது. பிளக் பாயின்ட்டுக்குள்ளும் சுவர்க் குழாய்க்குள்ளும் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரி தன் பாட்டுக்குச் சில வயர்களில் மின்சாரம் தந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை சுவிட்ச் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

நனைந்ததையெல்லாம் தூக்கிப் போடு என்பது காசுள்ளவர்களுக்குச் சொல்லும் அறிவுரை என்ற கோபம் சரியானதுதான். உண்மையில் எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. எவர்சில்வர், கண்ணாடி, டைல்ஸ் போலத் தண்ணீரை உறிஞ்சாத எதையும் தேய்த்துக் கழுவி மீட்டுவிடலாம். துணிகளும் சுடுநீரில் துவைத்து வெயில் கண்டால் பிழைக்கும். கைவிட வேண்டியவை உறிஞ்சும் பொருள்கள்: இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, உப்பிப்போன பிளைவுட். மெத்தை மேலே காய்ந்து, நடுவில் பஞ்சு ஈரமாகவே கிடக்கும். வெள்ளநீர் புகுந்த அரிசியைக் காயவைத்துச் சமைப்பதையும் சொல்லியாக வேண்டும். மனம் ஒப்பாதுதான், ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய அரிசிக்குள் கழிவோடு என்னென்ன ரசாயனம் இறங்கியது என்பது தெரியாது, கொதிக்கவைத்தால் ரசாயனம் போகாது. சம்ப்பில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் கதை இதுதான். அடிச்சேறு இறங்கியதால் தெளிந்ததே ஒழிய சுத்தமானதால் அல்ல. அதை இறைத்துக் கொட்டி, தொட்டியைத் தேய்த்து, குளோரின் போட்ட பிறகே மோட்டார்.

எலிக்காய்ச்சலுக்கும் எலி கடிப்பதற்கும் சம்பந்தமில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியே அந்தக் கிருமி நுழைகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈர மண்ணில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அது, காய்ந்த தரையில் விரைவில் சாகிறது. கழுவும்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடச் சொல்வது இதற்காகத்தான். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு முடிவுசெய்யலாம். நோய் வெளிப்பட இரண்டு நாளும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். அதற்குள் வீடு பளிச்சென்று ஆகியிருக்கும், வெள்ளமே மறந்திருக்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதோடு, எந்தத் தேதியில் சேற்றில் நின்றோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மறந்துபோகலாம்.