ஷிஃப்டைப் பார்த்து அட்டவணை போடுங்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் ஒரு தாளை நீட்டுவார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை, சனி வயிறு. ஆறு நாளும் மாலை ஆறு மணிக்கு வந்து நிற்க முடிந்தவருக்கு அது சரி. தூத்துக்குடியில் அப்படி எத்தனை பேர்? வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் ராத்திரி பகல் பார்க்காமல் சரக்கு இறங்கும். அனல் மின் நிலையம் ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடும். உப்பளக்காரர்கள் விடியும் முன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். இவர்கள் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினால் முதலில் கால் நாள் விட்டுப்போகும், அப்புறம் ஜிம்மே விட்டுப்போகும்.

தசை ஏற எந்த அட்டவணை நல்லது? உங்கள் வேலை உடம்பிடமிருந்து ஏற்கெனவே வாங்குவதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குப் போடுகிற அட்டவணைதான்.

எதிலும் இருக்க வேண்டிய மூன்று

முதலாவது, அளவு. நெஞ்சு, முதுகு, தொடை போன்ற ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்துக்குச் சுமார் 10 கடினமான செட். இன்னும் ஒன்றிலிருந்து மூன்று முறைதான் தூக்க முடியும் என்ற இடத்தில் நிறுத்தினால் அது கடினமான செட். புதிதாக வருபவருக்கு 6 செட்டே போதும்.

இரண்டாவது, பிரிப்பு. அந்த 10 செட்டையும் ஒரே நாளில் கொட்டாமல் வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஏற்றம். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்டு மெலிந்த கால்களுக்கு லேசான பயிற்சி கொடுக்கும் வழக்கத்தை விட்டு, எடையைப் படிப்படியாக ஏற்றித் தூக்க வைத்தார். கால்கள் தேறின. இன்று புழங்கும் எந்த நல்ல அட்டவணைக்கும் அதுதான் அடிப்படை.

ஒரு செட்டுக்கு 6 முதல் 15 முறை வசதியானது. அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும், செட் கடினமாக இருந்தால் தசை வளரும்.

போட்டி வேறு, உடம்பு ஏற்றுவது வேறு

நம் தென்மாவட்ட ஊர்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் அது போட்டியாக நடக்கிறது. கல் ஆளைச் சோதிக்கும். வருஷம் முழுக்க வேலை செய்த உடம்புதான் அன்று அதைத் தூக்குகிறது.

பளுதூக்கும் விளையாட்டும் அப்படித்தான். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அந்தப் பயிற்சி முழுக்க இரண்டே தூக்கலின் நுட்பத்துக்கானது. ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் பயிற்சியாளர் உள்ள பளுதூக்கும் சங்கத்தைத் தேடுங்கள். சட்டை தோளில் இறுக வேண்டும் என்பதற்கு அந்த வழி தேவையில்லை.

மூட்டை தூக்குபவர்

"நாள் முழுக்க மூட்டைதான் தூக்குகிறேன், ஏன் உடம்பு ஏறவில்லை?" குடோனிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் கேட்கிற கேள்வி. சிமெண்ட் மூட்டை பத்து வருஷமாக அதே 50 கிலோதான். சில மாதத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். அதற்கு மேல் வளர உடம்புக்குக் காரணம் இல்லை. ஆனால் இடுப்பும் உள்ளங்கைப் பிடியும் தினமும் தேய்கின்றன.

ஆகவே வாரம் இரண்டு நாள் போதும். கனமான டெட்லிஃப்ட் வேண்டாம், அதை வேலையிலேயே செய்கிறீர்கள். பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்துச் செய்யும் டம்பெல் ரோயிங், டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் ஸ்குவாட்: வேலையில் கிடைக்காத அசைவுகள் இவை. தொழிற்சாலையில் வேலை என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்கு யாரையும் சுமை தூக்க வைக்கக்கூடாது என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்

கிரேன் ஆபரேட்டர், டிரெய்லர் டிரைவர், ஷிப்பிங் ஏஜென்சி குமாஸ்தா. உங்களுக்கு வாரம் நான்கு நாள் பொருந்தும்: இரண்டு நாள் மேலுடம்பு, இரண்டு நாள் கீழுடம்பு. எட்டு மணி நேரம் சீட்டில் இருந்துவிட்டு நேராக ராடின் கீழே போய் நிற்காதீர்கள். பத்து நிமிடம் நடை, வெறும் ராடில் இரண்டு செட், பிறகு எடை.

ஷிஃப்ட் சுற்றி வருபவர்

கிழமையை மறந்துவிடுங்கள். 'அ', 'ஆ' என்று இரண்டே பாடம், மாற்றி மாற்றி.

அ: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டம்பெல் ரோயிங்.
ஆ: ரொமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், லேட் புல்டவுன், லஞ்ச்.

ஒவ்வொன்றும் 3 செட், 8 முதல் 12 முறை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இந்த வாரம் இரண்டு நாள் கிடைத்தால் இரண்டு, அடுத்த வாரம் நான்கு கிடைத்தால் நான்கு. நைட் முடித்து வந்தால் முதலில் தூக்கம், சாயங்காலம் ஜிம். நைட்டிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மாறும் நாளில் ஜிம் பக்கமே போகவேண்டாம்.

கடலுக்குப் போகிறவர்

விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஒரு வாய்ப்பு. அந்த எட்டு வாரம் வாரத்துக்கு நான்கு நாள் வைத்து ஏற்றுங்கள். படகு இறங்கியபின் ஒரு நாளோ இரண்டு நாளோ செய்தாலும் சேர்த்ததைக் காப்பாற்றலாம்.

சங்கு குளிப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கம்ப்ரசர் காற்றில் ஆழம் இறங்கி ஏறிய அன்று ரத்தத்தில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். அப்போது மூச்சை அடக்கி எடை தூக்கினால் அது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும் அபாயம் கூடும். கடலுக்குப் போகாத நாளில் மட்டும் ஜிம்முக்குப் போங்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுதலும் தாண்டுதலும் உண்டு. மார்பு 81 செ.மீ. இருந்து, மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அறிவிப்பு வந்ததும் அளவுகளை ஒருமுறை சரிபாருங்கள். உடம்பு பெருத்து ஓட்டத்தில் கோட்டை விடுவது இங்கே அடிக்கடி நடப்பது. வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் எடை. எடை நாளில் ஸ்குவாட், புல்-அப், தொங்கியபடி பிடியைத் தாங்குவது ஆகியவற்றுக்கு முதலிடம்.

பெயர் பெற்ற அட்டவணைகள்

5×5: வாரம் மூன்று நாள், ஐந்து முறை வீதம் ஐந்து செட், ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ கூட்டுவது. பலம் ஏற நல்லது, தொடக்கக்காரருக்குத் தசையும் ஏறும். மூட்டை தூக்குபவருக்கு அந்த ஸ்குவாட் சுமை அதிகம்.

புஷ்-புல்-லெக்ஸ்: வாரம் ஆறு நாள் வர முடிந்தால் அருமை. மூன்றே நாள் என்றால் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே முறைதான் வேலை கிடைக்கும்.

நாளுக்கு ஒரு தசை: வருஷக்கணக்கில் பழகியவருக்கு. புதியவருக்கு நஷ்டம்.

நோட்டு சொல்லட்டும்

எதைத் தேர்ந்தாலும் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் பக்கம் இப்படி நகர வேண்டும்:

பெஞ்ச் 40 கிலோ: 8, 8, 7.
பெஞ்ச் 40 கிலோ: 9, 8, 8.
சில வாரம் கழித்து, 40 கிலோ: 12, 12, 12.
அடுத்த தடவை 42.5 கிலோ: 9, 8, 8.

இதற்கு 1.25 கிலோ தட்டு இரண்டு வேண்டும். உங்கள் ஜிம்மில் இல்லையென்றால் 15 முறை வரை போய்விட்டு 5 கிலோ கூட்டுங்கள். சேரும் முன் ஜிம்மில் முதலில் தேட வேண்டியது இந்தச் சின்னத் தட்டைத்தான். ஏசியும் பாட்டும் அப்புறம்.

சாப்பாடு

உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். 200 கிராம் மீனில் சுமார் 40, மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. மீதியை இட்லி, சோறு, சாம்பார் கொடுத்துவிடும். சாளையும் நெத்திலியும் கிடைக்கிற ஊரில் பவுடர் டப்பா கட்டாயமில்லை. வாங்கியே தீர வேண்டுமென்றால் FSSAI உரிம எண்ணைப் பாருங்கள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் மாஸ்டரிடமிருந்து அன்றைக்கே விலகுங்கள்.

நாற்பது தாண்டியவர்கள் தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவும். நெஞ்சுவலி, தலைசுற்றல், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, அடிவயிற்றில் புடைப்பு: இதில் எது வந்தாலும் எடையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எப்போது மாற்றுவது

குறைந்தது பன்னிரண்டு வாரம் ஒரே அட்டவணை. அதற்குள் மாற்ற இரண்டே காரணம்தான் உண்டு. ஷிஃப்ட் மாறியது ஒன்று. தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் நோட்டில் மூன்று வாரமாக எந்த எண்ணும் ஏறவில்லை என்பது இன்னொன்று. அப்போது ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். பிறகும் அசையாவிட்டால் மாற்றுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் வேறு ஏதோ செய்கிறார் என்பதெல்லாம் காரணம் ஆகாது. அவர் ஷிஃப்ட் வேறு.