காதுக்குக் கேட்காத கசிவு: காற்றோடு போகும் கரண்ட் காசு



பீலியில் தண்ணீர் சும்மா ஓடினால் நாம் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. யாராவது ஒருவர் ரப்பர் துண்டைச் சுற்றியாவது அதை நிறுத்திவிடுவார். தண்ணீர் வீணாவது கண்ணுக்குத் தெரிகிறது, நிலம் நனைகிறது. பைப்பில் போவது காற்றாக இருந்தால் என்ன செய்வது? அது வெளியேறினால் நிலம் நனையாது, மணக்காது, புகையாது. மெஷின் சத்தத்தில் காதுக்கும் கேட்காது. ஆனால் மாதக் கடைசியில் கரண்ட் பில்லில் மட்டும் தெரியும். அந்தக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

அமுக்கிய காற்று எங்கே இருக்கிறது?

டவுனில் டயர் கடைக்குப் போனவர்கள் கொம்பிரசரைப் பார்த்திருப்பார்கள். காற்றை இழுத்து, அமுக்கி, ஒரு தாங்கியில் நிறைத்து வைக்கும் இயந்திரம் அது. நமது தேயிலை ஸ்டோர்கள் பலவற்றிலும் இன்று அது உண்டு. கலர் சோட்டர் மெஷின் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. தேயிலை மேலிருந்து விழும்போது கெமரா ஒன்று அதைப் பார்க்கும். குச்சி, நார் தெரிந்த உடனே சின்னக் குழாய் வழியாக ஒரு ஊதல் காற்று வந்து அதைத் தனியாகத் தள்ளிவிடும். நமது பிள்ளைகள் வேலைக்குப் போகும் கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளிலும் அமுக்கிய காற்றால் ஓடும் மெஷின்கள் நிறைய உண்டு. ஆகவே இது எங்கோ வெளிநாட்டு விசயம் என்று எண்ண வேண்டாம்.

காற்று சும்மா கிடைப்பதில்லை

“காத்துத்தானே, போனா போகட்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. வெளியில் உள்ள காற்றுக்குக் காசு இல்லை, உண்மைதான். அதை அமுக்கத்தான் காசு. கொம்பிரசருக்குப் போகும் 100 பங்கு கரண்டில் பெரும்பகுதி வெப்பமாகிப் போய்விடும். கொம்பிரசர் பக்கத்தில் நின்றாலே அந்தச் சூடு தெரியும். கடைசியில் நமக்கு வேலையாகக் கிடைப்பது 10 முதல் 15 பங்குதான். இவ்வளவு செலவழித்துச் செய்த காற்றைத்தான் ஓட்டை வழியாக விடுகிறோம்.

கவனிப்பு இல்லாத தொழிற்சாலைகளில் கொம்பிரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவில் போவது சாதாரணம். நன்றாகப் பராமரித்தால் இதை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வரலாம்.

இன்னொன்றும் நடக்கும். காற்று கசிந்தால் கடைசி மெஷினில் அமுக்கம் குறையும். உடனே யாராவது கொம்பிரசரின் அமுக்கத்தைக் கூட்டி வைப்பார்கள். அமுக்கம் கூடினால் அதே ஓட்டையில் இன்னும் வேகமாகக் காற்று போகும். 1 பார் கூட்டினாலே கரண்ட் செலவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடிவிடும். நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போட்ட கதைதான் இது.

சின்ன ஓட்டை, பெரிய கணக்கு

பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு. கார் டயரில் சுமார் 2 பார் இருக்கும். தொழிற்சாலைப் பைப்பில் பெரும்பாலும் 7 பார் அளவில் இருக்கும்.

இந்த 7 பார் பைப்பில் 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிளகை விடச் சின்னது. அதன் வழியாகச் செக்கனுக்கு ஏறக்குறைய 10 லீற்றர் காற்று வெளியேறும். அந்த 10 லீற்றரைத் திரும்ப நிரப்பக் கொம்பிரசருக்கு ஏறக்குறைய 3 கிலோவாற்று வேண்டும்.

நாளைக்கு 10 மணித்தியாலம், மாதம் 25 நாள் ஓடினால்: 3 × 10 × 25 = 750 யூனிட்.

யூனிட் 20 ரூபா என்று கணக்குக்காக வைத்தால் மாதம் 15,000 ரூபா. உங்கள் ஸ்டோர் பில்லில் உள்ள உண்மையான விலையால் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு ஓட்டைக்குத்தான் இவ்வளவும்.

பிள்ளைகள் இதையும் கவனிக்க வேண்டும்: ஓட்டையின் அகலம் மூன்று மடங்கானால் காற்று மூன்று மடங்கு போவதில்லை, ஒன்பது மடங்கு போகும். வட்டத்தின் பரப்பளவைப் பற்றிப் படித்தது இங்கேதான் உதவுகிறது.

நமக்குக் கேட்காத சத்தம்

ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை மீடிறன் என்கிறோம். அதன் அலகு ஹேர்ட்ஸ். மனிதக் காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வயது கூடக் கூட மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். இரைச்சலுள்ள மெஷின் பக்கத்தில் வருடக்கணக்கில் நிற்பவர்களுக்கு இன்னும் குறையும்.

20,000க்கு மேலே உள்ள சத்தத்தைக் கழியொலி என்று பாடப் புத்தகம் சொல்கிறது. மீயொலி என்றும் சொல்வார்கள். லயத்து நாய்க்கு 40,000 ஹேர்ட்ஸ் சத்தமும் கேட்கும். இரவில் பூச்சி பிடிக்கும் சின்ன வௌவால் கழியொலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் இருட்டில் பறக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆஸ்பத்திரியில் செய்யும் ஸ்கேனும் கழியொலிதான்.

அமுக்கிய காற்று சின்ன ஓட்டை வழியாகப் பாயும்போது வெளிக்காற்றில் மோதிச் சுழன்று கலங்கும். அந்தக் கலக்கத்தில் “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் பிறக்கும். அதில் நமக்குக் கேட்கும் பகுதி கொஞ்சம், கேட்காத கழியொலிப் பகுதி அதிகம். மெஷின்களின் கடகட சத்தமோ பெரும்பாலும் தாழ்ந்த மீடிறனில் இருக்கும். ஆகவே கழியொலியை மட்டும் கேட்கும் ஒரு காது இருந்தால், எவ்வளவு இரைச்சலுக்குள்ளும் கசிவைப் பிடித்துவிடலாம்.

கருவி வேலை செய்யும் விதம்

அந்தக் காதுதான் கழியொலிக் கசிவு காட்டி. பார்க்கக் கைத்துப்பாக்கி போல இருக்கும். முன்பக்கத்தில் ஒரு பளிங்குத் துண்டு உண்டு. சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கழியொலி பட்டதும் இந்தப் பளிங்கு அதிர்ந்து சிறு மின்சாரத்தைத் தரும்.

அதை அப்படியே காதில் போட்டால் நமக்குக் கேட்காது. ஆகவே கருவிக்குள்ளே இன்னொரு அதிர்வைக் கலக்கிறார்கள். 40,000 ஹேர்ட்ஸோடு 38,000ஐக் கலந்தால் வித்தியாசமான 2,000 ஹேர்ட்ஸ் கிடைக்கும். அது நமக்கு நன்றாகக் கேட்கும். ஹெட்போனில் “ஸ்ஸ்” என்று வரும், அளவுகாட்டியில் எண்ணும் ஏறும்.

ஆஸ்பத்திரி ஸ்கேன் சத்தத்தை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. இந்தக் கருவி எதையும் அனுப்புவதில்லை, சும்மா கேட்கும். இப்போது பல மைக்குகளைச் சேர்த்து, கசியும் இடத்தைத் திரையில் நிறமாகக் காட்டும் கெமராக்களும் வந்துள்ளன.

தேடும் முறை

1. கருவியின் உணர்திறனைக் கூட்டி வைத்துப் பைப் வழியே மெதுவாக நடக்க வேண்டும். பெரிய கசிவு பல மீற்றர் தூரத்திலேயே தெரியும்.

2. சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போக வேண்டும். கிட்டப் போகப் போக உணர்திறனைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தமாகக் கேட்கும்.

3. நுனியில் ரப்பர் கூம்பை மாட்டி இடத்தைச் சுருக்க வேண்டும். பக்கத்தில் வேறு சீறல் இருந்தால் ஒரு காட்போட் மட்டையால் மறைக்கலாம். கழியொலி மட்டையைச் சுற்றி வளைந்து வருவது மிகக் குறைவு.

4. கண்ட இடத்தில் இலக்கம் எழுதிய அட்டையைக் கட்டி, கொப்பியில் பதிய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: பைப் மூட்டுகள், ஹோஸ் பூட்டுகள், வால்வுகள், வடிகட்டிகள், தேய்ந்த வொஷர், தண்ணீர் வடிக்கத் திறந்து மூட மறந்த குழாய். கரண்ட் பொறி பறக்கும் இடத்திலும் கழியொலி வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் கிட்டப் போகாமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.

கருவி இல்லாவிட்டால்

மெஷின்கள் நின்ற நேரத்தில் கொம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, காதால் கேட்டுப் பாருங்கள். சந்தேகமான மூட்டில் சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் முட்டை முட்டையாக நுரை வரும். கரண்ட் பெட்டி, மோட்டர் பக்கம் தண்ணீர் தடவவே கூடாது. உயரத்தில் உள்ள பைப்பைக் கருவியால் நிலத்தில் நின்றே பார்க்கலாம். சவர்க்காரத் தண்ணீருக்கு ஏற வேண்டி வரும். அங்கேதான் கருவியின் அருமை தெரியும்.

மொத்தக் கசிவை அறியக் கடிகாரம் போதும். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கொம்பிரசர் எவ்வளவு நேரம் காற்று நிரப்புகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்று பாருங்கள். 2 நிமிடம் நிரப்பி 8 நிமிடம் ஓய்ந்தால் 10இல் 2, அதாவது 20 சதவீதம் கசிவு.

உயிர் விசயம்: கவனம்

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். வேகமாகப் பாயும் காற்று தோலைக் கிழித்து உள்ளே போகலாம், துரும்பைக் கண்ணில் அடிக்கலாம். வேலை முடிந்து உடுப்புத் தூசியை ஏயார் ஹோஸால் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூட வேலை செய்பவர் மீது விளையாட்டுக்குக் காற்று அடிப்பது விளையாட்டே இல்லை. அப்படிக் குடல் கிழிந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. வெளியூரில் வேலை செய்யும் மகனுக்கும் மகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். மூட்டை இறுக்குவதற்கு முன் காற்றை அடைத்து, பைப்பில் உள்ளதை வெளியேற்ற வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை.

கண்டால் மட்டும் போதாது

கருவி ஓட்டையை அடைப்பதில்லை. அட்டை கட்டிய இடம் ஆறு மாதம் கழித்தும் அட்டையோடே சீறிக்கொண்டு இருந்தால் தேடியதே வீண். திருத்திய பிறகு மறுபடி கேட்டுப் பார்த்துத்தான் கொப்பியில் வெட்ட வேண்டும். ஆட்டத்தாலும் சூட்டாலும் புதுக் கசிவு வந்துகொண்டே இருக்கும் என்பதால், இந்தச் சுற்றை இடைக்கிடை நடத்த வேண்டும்.

மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். “ஐயா, மூணாம் நம்பர் வால்வுகிட்ட காத்து போற மாதிரி இருக்கு” என்று டீமேக்கரிடம் ஒரு வார்த்தை சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். சொல்ல வந்தவரை “உன் வேலையைப் பார்” என்று திருப்பி அனுப்பாமல் இருப்பது மேலே உள்ளவர்களின் கடமை. ஸ்டோரின் செலவு நம் எல்லோருடைய பிழைப்பையும் தொடும் செலவு.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. மெஷின்கள் நின்ற நேரத்தில் கொம்பிரசர் 3 நிமிடம் காற்று நிரப்பி 9 நிமிடம் ஓய்கிறது. கசிவு எத்தனை சதவீதம்?

2. 1 மில்லிமீற்றர் ஓட்டையை விட 2 மில்லிமீற்றர் ஓட்டையில் எத்தனை மடங்கு காற்று போகும்?

3. 41,000 ஹேர்ட்ஸ் கழியொலியோடு 38,000ஐக் கலந்தால் காதில் கேட்பது எவ்வளவு?

விடைகள்: 1. 25 சதவீதம். 2. நான்கு மடங்கு. 3. 3,000 ஹேர்ட்ஸ்.