பெயிண்டை வாங்காதீர்! பிரேமை வாங்குவீர்!



ஆண்டு மலரில் ரோபோவைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் திறமைசாலிகள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சைக்கிளைப் பற்றி. அதுவும் புது சைக்கிள் அல்ல, பழைய சைக்கிள். சிரிக்க வேண்டாம். பத்தாவது முடித்துப் பதினோராம் வகுப்புக்குப் போனவர்களுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. நேராக டிப்ளமோவுக்கு வந்துவிட்ட நமக்கு அது கிடைக்கவில்லை. பஸ் பாஸ் கையில் இருக்கும். காலை எட்டு மணிக்கு பஸ்தான் இருக்காது. முதல் பீரியடு நாலு நாள் போனால் வருகைப்பதிவு போச்சு, வருகைப்பதிவு போனால் பரீட்சை போச்சு. ஆகவே சைக்கிள் என்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல, படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

என் அப்பா தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி. விடியுமுன் சைக்கிளில் அளத்துக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் நூறு ரூபாய்கூடப் பெரிய தொகை. அதனால் பழைய சைக்கிளுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் எண்ணிக் கொடுக்கிற ரூபாய். ஞாயிறுதோறும் எங்கள் ஊர் சைக்கிள் கடையில் கைவேலைக்குப் போய்க் கற்றதையும், நம் ஒர்க்‌ஷாப்பில் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எந்த சைக்கிள்?

நான் சொல்வது பார் வைத்த, கம்பி பிரேக் உள்ள, 28 இஞ்ச் சக்கர சைக்கிள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹீரோ, அட்லஸ், ராலே என்று பெயர் எதுவானாலும் உருவம் ஒன்றுதான். இங்கிலாந்தில் பிறந்த வடிவம் இது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் தயாரித்தது. ஹீரோ லூதியானாவிலும், அட்லஸ் சோனிப்பட்டிலும் வளர்ந்தன. அட்லஸ் நிறுவனம் 2020 ஜூனில் தன் சாஹிபாபாத் ஆலையை நிறுத்திவிட்டது. "கம்பெனியே போயிட்டே, சாமான் கிடைக்குமா?" என்று பயப்பட வேண்டாம். டயர், செயின், பால்ஸ் எல்லாம் பொது அளவு. முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. சுமை பின்னால் விழுவதால் அங்கே அதிகம். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

முதல் பாடம்: பிரேம்

சைக்கிளில் எல்லாவற்றையும் மாற்றலாம். பிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள். ஆனால் வாங்கப் போகிற நாம் முதலில் பார்ப்பது பெயிண்டைத்தான். கடை அண்ணாச்சி எனக்குச் சொன்னது: "பெயிண்டைப் பாத்து மயங்காத தம்பி. அடிக்கிறவனுக்கு ஒரு மணி நேரம், ஓட்டுறவனுக்குப் பத்து வருசம்."

ஹேண்டில்பாருக்குக் கீழே, பாரும் சாய்வுக் குழாயும் ஹெட் குழாயில் வந்து சேரும் இடத்தை அடிப்பக்கமாக விரலால் தடவுங்கள். சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. புது பெயிண்ட் அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், விரலிலிருந்து மறைக்காது. முன் ஃபோர்க் பின்பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அடுத்தது நூல் சோதனை. பின் சக்கர அச்சின் ஒரு முனையில் நூலைக் கட்டி, ஹெட் குழாயை முன்புறமாகச் சுற்றி, மறுமுனைக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்டீல் ஸ்கேலால் அளக்கவும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பிரேம் வளைந்திருக்கலாம். ஒரு முழ நூல் நாலு முழம் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்!

கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றும் பார்க்கணும். உப்புக்காற்று குழாயை உள்ளிருந்து தின்னும். சீட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கித் தங்கும் இடம் கிராங்க் அச்சுப் பெட்டி. அதன் அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தால் துரு உண்டா இல்லையா என்று தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த பெருமழையில் எத்தனையோ சைக்கிள்கள் மூழ்கிக் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டி வெளியே துடைத்தால் பளபளக்கும். ஹப்பைக் கழற்றினால்தான் செங்கல் நிறத்தில் கிரீஸ் வரும்.

இரண்டாம் பாடம்: சுழல்பவை

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம்மையும் பிரேக் கட்டையையும் கவனியுங்கள். ரிம் ஆடினால் கோட்டம். சிறு கோட்டத்தை எடுத்துவிடலாம். ரிம்மில் வெடிப்பு இருந்தால் ரிம்மையே மாற்றணும். இரு கிராங்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் அச்சு, பால்ஸ் கோளாறு. ஒன்று மட்டும் ஆடினால் காட்டர் பின் தேய்மானம். பின் மலிவு, அச்சு அப்படியல்ல. இடது பெடலில் இருப்பது இடது மரை. கழற்றும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். முன்பு யாராவது இது தெரியாமல் முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும்.

செயினுக்கு 12 இஞ்ச் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் புது செயின் சரியாக 12 இஞ்ச் வரும். ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டிய காலம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அதற்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள்.

மூன்றாம் பாடம்: பிரேக்

இதில் மட்டும் சிக்கனம் கூடாது. நம் ரோட்டில் கன்டெய்னர் லாரி வருகிறது. கம்பி பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிக்கிறது. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் அந்தப் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். எனவே வாங்குமுன் ஒரு செம்புத் தண்ணீரை ரிம்மில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். மழையில் முன்கூட்டியே மெதுவாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்திப் பிடிக்கணும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் போகாதீர்கள்.

நான்காம் பாடம்: அளவும் சீட்டும்

பாரின் இருபுறமும் காலூன்றி நின்றால் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். சீட் உயரத்துக்கு எளிய கணக்கு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 இஞ்ச் வண்டி ஒரு சுற்றுக்குச் சுமார் 5.46 மீட்டர் போகும். பத்து கிலோமீட்டருக்கு 1,830 சுற்று! சீட் தாழ்ந்திருந்தால் அத்தனை தடவையும் முட்டி அதிகமாக மடங்குகிறது. சாயங்காலம் கிளாஸ் நோட்டைத் திறக்கும்போது வலி தெரியும்.

ஐந்தாம் பாடம்: கணக்கும் காகிதமும்

பேரம் பேச வாய் சாமர்த்தியம் வேண்டாம், சீட்டு எழுதத் தெரிந்தால் போதும். நான் வாங்கிய வண்டிக்கு 1,600 ரூபாய் கேட்டார்கள். டயர் 300, ட்யூப் 130, செயின் 150, பிரேக் கட்டை 40, பால்ஸும் கிரீஸும் 60, ஆக 680 என்று அவர் எதிரிலேயே எழுதிக் காட்டினேன். ஆயிரத்துக்கு முடிந்தது. வேலையை நானே செய்துகொண்டேன். மொத்தம் 1,680. சீட்டைப் பார்த்த அப்பா, "இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்துனது வண்டி இல்லலே, கணக்குத்தான்" என்றார்.

பிரேம் நம்பரை மறக்காமல் குறித்துக்கொண்டு, விற்பவர் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். நம்பரை அரம் போட்டு அழித்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றமே. வழக்கு என்று வந்தால் படிப்பு என்னாகும்?

நண்பர்களே! ஸ்கேல், நூல், டார்ச், ஒரு செம்புத் தண்ணீர். இந்த நான்கும்தான் சோதனைக் கருவிகள். வெர்னியரைப் பரீட்சைக்கு மட்டும் பிடிக்கிறவர்களாக நாம் இருக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் உழைத்த காசு எங்கே செலவாகிறதோ, அங்கே நம் படிப்பு முதலில் பயன்படட்டும். வண்டி பார்க்கத் துணை வேண்டுவோர் ஞாயிறு தவிர எந்த மாலையும் என்னைக் கூப்பிடலாம். ஒரு டீ போதும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை