தரவுப் பாதுகாப்பும் காப்புப் பிரதியும்

மாணவர்களே, 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன.

காரணங்கள்:

1. பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருள். நிறுவனம் அதற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது.

2. வலையமைப்பில் இணைந்திருந்த காப்புப் பிரதியும் தாக்கப்பட்டது. வேறாக வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

பாடசாலையில் செய்ய வேண்டியது: புள்ளிப் பதிவுகளை வாரந்தோறும் புறவன்தட்டில் பிரதி செய்து, கழற்றி, அலுமாரியில் பூட்டி வைத்தல்.

நினைவிற் கொள்க: உரிமம் பெற்ற மென்பொருளும் இற்றைப்படுத்தப்படாவிடின் பாதுகாப்பற்றதே.

மாதிரி வினா: கணினியுடன் இணைத்தே வைத்த காப்புப் பிரதி ஏன் போதாது?

விடை: கணினியைத் தாக்கும் தீம்பொருள் அதனையும் தாக்கும்.