கறுத்த மண்ணைப் பற்றிய சில நம்பிக்கைகள்

பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், ஓட்டு வீடும் அதைச் சூழ்ந்த தோட்டமுமாக இருந்த மனைகள் பல அடுக்குமாடிகளாக மாறிவிட்ட பின்னர், தோட்டம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. அதனோடு கூட, மண்ணைப் பற்றிய சில நம்பிக்கைகளும் படியேறிப் போயிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, நர்ஸரிகளில் கட்டியாக விற்கும் கோகோபீட் என்பது குளிர் நாடுகளிலிருந்து வரும் பீட் மண்ணின் ஒரு ஜாதி என்பது. உண்மையில் அது பொள்ளாச்சி முதலிய ஊர்களின் ஆலைகளில் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் பிரித்தபின் எஞ்சும் தென்னை நார்க்கழிவுதான். அதில் பொட்டாசியம், சோடியம் உப்புக்கள் மிகுந்திருப்பதால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் தொட்டியில் இடுவது செடிக்கு உபகாரம் அன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதைச் சிப்பிக்காளானும் யூரியாவும் கொண்டு மட்கவைத்து எருவாக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறார்கள். பீட் மண்ணோ, ரஷ்யா, கனடா, ஃபின்லாந்து ஆகிய தேசங்களின் வடகாட்டுச் சதுப்புக்களில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மேல் பாசி படிந்து உண்டானது. இரண்டிற்கும் பெயரில் உள்ள உறவைத் தவிர வேறு உறவு கிடையாது.

இரண்டாவது நம்பிக்கை இதனினும் பழையது: மண் கறுத்திருந்தால் அது சத்துள்ளது. இரும்பு ஆக்ஸைடினால் சிவந்த பெங்களூர்ச் செம்மண்ணை இளக்காரமாகப் பார்ப்பவர்கள், பீட் மண்ணின் கருமையைக் கண்டதும் அதை எரு என்றே எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சதுப்புக்களை ஆளும் ஸ்ஃபாக்னம் என்னும் பாசி, தன்னைச் சூழ்ந்த நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. ஆகவே அந்த நீர் புளித்த மோருக்கு நிகரான அமிலத் தன்மையை அடைந்துவிடுகிறது. நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் சிதையாத தாவரப் பொருளுக்குள் கட்டுண்டு கிடப்பதால் வேர்களுக்கு எட்டுவதில்லை. ட்ராஸெரா போன்ற செடிகள் இத்தகைய ஸ்தலங்களில் ஈயையும் எறும்பையும் பிடித்துத் தின்று பிழைப்பது மண்ணின் இந்த வறுமையினால்தான். நம் நீலகிரியிலும் ட்ராஸெரா உண்டு.

இனி, பீட் என்பது நன்றாக மட்கிய பொருள் என்ற எண்ணம். இதைக் காட்டிலும் நேர்மாறான அபிப்பிராயம் இருக்க முடியாது. ஏனெனில், மட்க முடியாமற் போனதனால்தான் அது பீட் ஆயிற்று. நீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்கே. நீர் தேங்கிய சதுப்பில் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. தாவரங்களில் இருந்து கசியும் ஃபீனால் பொருள்களைச் சிதைக்கும் என்ஸைமுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. அது கிட்டாமல் அந்த என்ஸைம் செயலற்றுப் போக, ஃபீனால்கள் குவிந்து, செல்லுலோஸ் முதலியவற்றைக் கரைக்கவல்ல மற்ற என்ஸைம்களையும் முடக்கிவிடுகின்றன. ஒரேயொரு என்ஸைமின் முடக்கம் சதுப்பு முழுவதற்கும் தாழ்ப்பாளாகிறது என்ற இந்த விளக்கத்தை, வேல்ஸ் நாட்டில் ஆராய்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்டார்கள். டென்மார்க்கின் சதுப்பொன்றில் 1950இல் பீட் வெட்டியவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலையென்று போலீசாரிடம் சொல்லப் போக, அந்த மனிதன் மாண்டு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பது பின்னர் தெரிந்தது. மோவாயில் முளைத்திருந்த மயிர்கூடக் கெடவில்லை.

எந்த அளவு மட்கியது என்பதை அறிய ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் வகுத்த பரீட்சைக்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. ஈரப் பீட்டை ஒரு பிடி எடுத்துக் கையை இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த நீர் வழிந்தால் அது மட்காதது. நீர் கலங்க, பிசின் போன்ற கரிய சேறே விரல்களுக்கிடையில் பிதுங்கினால் மட்கியது. நடுவே உள்ளவை உட்பட மொத்தம் பத்துப் படிகள்.

பீட் குளிர் தேசத்திற்கே உரியது என்பாரும் உண்டு. குளிர் உதவும், ஆனால் நீர்த்தேக்கமே முக்கிய காரணம். பூமத்திய ரேகையை ஒட்டிய காங்கோ ஆற்றுப் படுகையில் சுமார் 1,45,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பீட் இருப்பது 2017இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உதகைக்கு அருகே, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் பீட் படிவங்கள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் வரை பின்செல்கின்றன.

அந்தப் படிவங்களே மற்றொரு நம்பிக்கையையும் தகர்த்தன. நீலகிரியின் புல்வெளிகள் மனிதன் சோலைகளை வெட்டியும் எரித்தும் உண்டாக்கியவை, ஆகவே அங்கே மரம் நடுவது புண்ணியம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்த எண்ணத்துடன் புல்வெளி ‘வெற்று நிலம்’ என்று கணக்கிடப்பட்டு, வாட்டில் மரங்களும் யூகலிப்டஸும் வரிசை வரிசையாக நடப்பட்டன. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அதிக தூரமில்லாத இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும், ஆமதாபாத், லக்னோ ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்ந்த ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோரும் 1993இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்கு, இந்தப் பீட்டில் உள்ள கார்பனே சாட்சி. மரங்களும் குளிர்ப் பிரதேசப் புற்களும் ஒரு வகையாகவும், வெப்பத்தையும் வறட்சியையும் விரும்பும் புற்கள் பிறிதொரு வகையாகவும் கரியமிலவாயுவை உட்கொள்வதால், கார்பன்-13 என்னும் கனத்த கார்பனின் விகிதம் அவற்றின் உடலில் வேறுபடும். செடி மடிந்து பீட் ஆன பின்னரும் அந்த விகிதம் பெரும்பாலும் மாறாது. அடுக்கடுக்காக அளந்ததில், கடைசிப் பனியுகத்தின் வறண்ட காலத்தில் புற்கள் ஓங்கியிருந்ததும், பின்னர்ப் பருவமழை வலுத்தபோது அவை பின்வாங்கியதும் புலனாயின. கோடாரியும் மாட்டு மந்தையும் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே புல்வெளி அங்கே இருந்தது. இவ்வளவு தெளிவான சான்று வந்த பின்னும், அங்கே மரம் நடுவதைத் தர்மகாரியமாகப் பேசுவோர் இருப்பது வியப்புத்தான்.

கடைசியாக, சதுப்பை வடித்தால் நல்ல விளைநிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தவுடன் பிராணவாயு உள்ளே புக, அத்தனை காலமும் தடைப்பட்டிருந்த சிதைவு தொடங்கி, கார்பன் கரியமிலவாயுவாகப் போய்விடுகிறது. நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கே உள்ள பீட் நிலங்கள், உலகத்துக் காடுகளின் மரங்கள் யாவற்றிலும் உள்ளதை விட அதிகக் கார்பனைத் தாங்குவதால், இது அற்ப விஷயம் அன்று. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்னும் இடத்தில், வடிகாலுக்குப் பின் 1851இல் உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த இரும்புத் தூண், இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் எழவில்லை, நிலம் இறங்கிவிட்டது. ஆனாலும் வடித்த நிலத்தில், அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு இட்டு உழுதால், முதல் சில போகங்கள் நன்றாகவே விளையும். பீட் சிதையும்போது அதனுள் கட்டுண்டிருந்த நைட்ரஜன் விடுபடுவதும், சுண்ணாம்பினால் அந்தச் சிதைவு இன்னும் விரைவதுமே அதற்குக் காரணம். அந்த விளைச்சலைக் கண்டவர்கள்தாம் கறுத்த மண் சத்துள்ளது என்று ஊருக்குச் சொல்கிறார்கள்.