பெயர் தெரிந்தால் வழி தெரியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புவியமைப்பியல் மாணவன், விக்கிரமங்கலம்)

இசை செவிக்கு விருந்து. அதற்குள் இத்தனை பெயர்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஹெவி மெட்டல் என்னும் மேனாட்டு இசையின் ரசிகர்கள் டூம், த்ராஷ், டெத், பிளாக் என்று உட்பிரிவுகளை அடுக்குகின்றனர். இவை வீண் பெருமையா, பயனுடையனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த 'பிளாக் சாபத்' குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்து இவ்விசையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். மின்கிதாரின் கரகரத்த ஓசையும் கனத்த முரசொலியும் இதன் பொது இலக்கணம். இதில் துயரம் தோய்ந்து மெல்ல நடப்பது டூம். விரைந்து வெட்டி வெட்டி ஒலிப்பது த்ராஷ். அடித்தொண்டையில் உறுமிப் பாடுவது டெத்.

என் அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். பேருந்தில் கல்லூரிக்கு வரும்போது நண்பனின் கைபேசியில் மெதுவான பாடல் ஒன்றைக் கேட்டேன். எங்களூர் ஒப்பாரி போல அது நெஞ்சைப் பிசைந்தது. அதைப் போன்ற வேறு பாடல்களைத் தேடினேன். காதைப் பிளக்கும் கூச்சலே அகப்பட்டது. 'டூம்' என்ற ஒரு சொல்லை நண்பன் சொன்ன பிறகே வழி திறந்தது. தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி என்று பெயரிட்ட நம் முன்னோருக்கும் இப்பயன் தெரிந்தே இருந்தது.

பெயர்கள் யாவும் ஒரே வகையின அல்ல. 'சுண்ணாம்புக்கல்' என்ற பெயர் கல் எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. நம் பகுதியின் கிரெட்டேசியக் காலப் பாறைகளுக்கு இட்ட ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்த் தொகுதிகள் என்ற பெயர்களோ அடுக்கின் வரிசையைக் காட்டுகின்றன. இசையிலும் அப்படியே. 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய 'ருத்ரா' குழு தன் இசையை 'வேதிக் மெட்டல்' என்கிறது. வடமொழிச் சுலோகங்களும் வேதாந்தக் கருத்துகளும் அதில் உண்டு என்பதை அப்பெயர் உணர்த்தும். உறுமல் குரலை உணர்த்தாது. அதற்கு 'டெத்' என்ற சொல்லும் வேண்டும்.

பெயர்களால் தீமையும் உண்டு. 'வெனம்' என்ற ஆங்கிலக் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'பிளாக் மெட்டல்'. அப்பெயரையே 1990களில் நார்வே நாட்டுக் குழுக்கள் வேறுபட்ட ஒலிக்குச் சூட்டிக்கொண்டன. பெயரை மட்டும் நம்புவோர் ஏமாறக்கூடும். இதைவிடப் பெரிய தீமை, "இதன் வகைகூடத் தெரியாத நீ ஒரு ரசிகனா?" என்று புதியவரை எள்ளுவது.

அந்த எள்ளல் எனக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது பட்டப் படிப்புகளின் பெயர்களை எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் எவரும் இல்லை. புவியமைப்பியல் என்றால் என்னவென்று ஓரிடத்தில் கேட்டபோது சிரித்தனர். பிறிதோரிடத்தில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவரால்தான் இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன். அண்ணனோ அக்காவோ படித்துக் காட்டாத வீட்டுப் பிள்ளைக்குப் பெயரே முதல் வழிகாட்டி.

ஆகவே நண்பர்களே, இசையாயினும் கல்வியாயினும் பெயர்களைக் கற்போம்; கேட்போருக்கு மகிழ்வுடன் சொல்லிக் கொடுப்போம்.